என்ரிச்: ஒன்பது வருடம் வகுப்பில் வைத்துப் பார்த்த பிறகு

என் மேசை டிராயரில் லேமினேட் போட்ட அட்டைகள் இருபது கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1 முதல் 100 வரை கட்டம். ஒன்பது வருடத்துக்கு முன் கைக்காசு போட்டு அடித்தவை. ஓரம் பிய்ந்து, ஸ்கெட்ச் கறை ஏறி, இன்னும் உழைக்கின்றன. என்ரிச்சிலிருந்து நான் வகுப்புக்குக் கொண்டுபோன முதல் சமாச்சாரம் அந்தக் காரணி–மடங்கு விளையாட்டுதான்.

கேள்விப்படாதவர்களுக்கு: என்ரிச் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் பள்ளிக் கணிதத் தளம். அங்குள்ள கணிதத் துறையும் கல்வியியல் துறையும் சேர்ந்து 1999-ல் அமைத்த மில்லேனியம் கணிதத் திட்டத்தின் கீழ் வருகிறது. சின்னப் பிள்ளைகள் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் சரக்கு இருக்கிறது. காசு கிடையாது. கணக்குத் தொடங்காமலே கணக்குப் போடலாம்.

நான் உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில், ஆறு முதல் பத்து வரை எடுக்கிறேன். முதல் வருடம் இதை ஒரு புதிர்க் கடையாகத்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் அடங்காதபோது ஒன்றை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். இரண்டாம் வருடம்தான் கணக்குக்குப் பக்கத்திலேயே ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி இருப்பதைக் கவனித்தேன். இந்தக் கணக்கு எதற்கு, எப்படி ஆரம்பிக்கலாம், என்னென்ன கேட்கலாம், திணறுகிறவனுக்கு என்ன கொடுக்கலாம், சீக்கிரம் முடித்தவளுக்கு அடுத்து என்ன. ஒரு பக்கம்தான் வரும். என்னைக் கேட்டால் என்ரிச்சின் அசல் சரக்கு அந்தப் பக்கம்தான். கணக்கு அதற்கு ஒரு சாக்கு.

ஏன் சொல்கிறேன் என்றால், பணியிடைப் பயிற்சிகள் நிறைய உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்தப் பயிற்சி, யார் நடத்தியது என்பது வேண்டாம். வருகைப் பதிவு, பிபிடி, டீ, வடை, "செயல்பாடு வழிக் கற்றல்" என்ற வார்த்தை நாற்பது முறை. திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஒரு பையன் தப்பான விடை சொன்னால் நான் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை யாரும் சொன்னதில்லை. இந்தக் குறிப்புகள் சொன்னது அதைத்தான்.

ஒரு உதாரணம். 'காட் இட்' என்று ஒரு விளையாட்டு. இரண்டு பேர். மாறி மாறி 1 முதல் 4 வரை ஏதாவது ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 23-ஐ முதலில் தொடுகிறவர் ஜெயித்தார். எட்டாம் வகுப்பில் கரும்பலகையிலேயே ஆடினோம். கொஞ்ச நேரத்தில் ஒருவன், "டீச்சர், பதினெட்டுல நின்னா போதும், அவன் என்ன போட்டாலும் நான் முடிச்சிருவேன்" என்றான். பழைய நானாக இருந்தால் "வெரிகுட்" சொல்லிவிட்டு 18, 13, 8, 3 என்று வரிசையை நானே எழுதி, ஐந்தைந்தாகக் குறைகிறது பார் என்று விளக்கியிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டேன். "சரி, பதினெட்டுல எப்படி நிப்பே?" என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடம் சண்டை. அப்புறம் பிள்ளைகளே மூன்று வரைக்கும் இறங்கி வந்தார்கள். முதலில் ஆடி, மூன்றில் ஆரம்பித்தால் தோல்வியே இல்லை என்று அவனுக்கு ஒரே குஷி.

அடுத்த நாள் இலக்கை 24 ஆக்கி, 1 முதல் 5 வரை போடலாம் என்று மாற்றினேன். "நான்தான் ஃபர்ஸ்ட்" என்று ஓடி வந்தான். தோற்றான். மறுபடியும் தோற்றான். இப்போது ஆறின் மடங்குகளில் நிற்க வேண்டும், 24-ஏ ஆறின் மடங்கு என்பதால் முதலில் ஆடுகிறவன்தான் மாட்டுவான் என்பதைக் கண்டுபிடித்தது அவனைத் தோற்கடித்த பெண். எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். பதினான்கு வருடம் பாடம் எடுத்தும் நான் அதைக் கேட்டதில்லை.

இந்த மாதிரிக் கணக்குகளைப் பற்றி என்ரிச்காரர்கள் சொல்லும் விஷயம்: வாசப்படி தாழ்வாக இருக்க வேண்டும், கூரை உயரமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த எண்களின் கூடுதல் நல்ல சான்று. 15-ஐ 7+8 என்று எழுதலாம், 4+5+6 என்றும், 1+2+3+4+5 என்றும். எந்த எண்களை இப்படி எழுதவே முடியாது? மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கிறவனும் 1+2=3 என்று உள்ளே வந்துவிடுவான். 2, 4, 8, 16 மட்டும் ஏன் சிக்கவில்லை என்பதற்குள் போனால் ஒற்றைப்படைக் காரணி வரைக்கும் போகலாம். என் ஏழாம் வகுப்பு பாதி தூரம் போனது. ஆனால் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் எடுக்கும் பெண் பத்தே நிமிடத்தில் நோட்டை மூடிவிட்டாள். "இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?" வராது என்றேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சிரமங்களும் உண்டு. முதலாவது ஆங்கிலம். ஒரு கணக்கையும் அதன் ஆசிரியர் குறிப்பையும் தமிழாக்க எனக்கு ஒரு இரவு ஒரு மணி நேரம். சார்லி, அலிசன் என்று அதில் வரும் பிள்ளைகள் என் வகுப்பில் மாரியும் செல்வியும் ஆகிவிடுவார்கள். அடுத்து, எல்லாம் இங்கிலாந்துப் பாடத்திட்டப்படி அடுக்கியது. கீ ஸ்டேஜ் 3 என்றால் 11 முதல் 14 வயது, நமக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு. சமச்சீர்ப் புத்தகத்தின் எந்த அலகுக்கு எது பொருந்தும் என்று நானே ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு ஆகஸ்ட் வரை ஏதோ எடுப்பேன். டிசம்பருக்கு மேல் தொடுவதே இல்லை, பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. கணினியில் ஆடும் வசதி பல கணக்குகளுக்கு இருக்கிறது. எங்கள் பள்ளியில் நெட் வரும் நேரம் கரண்ட் போகும், அதனால் கரும்பலகையோடு சரி. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கணக்குக்குப் பக்கத்தில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அனுப்பிய தீர்வுகளும் இருக்கும். நான் முதலில் படிப்பது அதைத்தான். ஒரே விடைக்கு நாலு பேர் நாலு வழியில் சுற்றி வந்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போனால் நம் பையன் கோணலாக ஏதோ சொல்லும்போது காது கொடுக்கத் தோன்றும். ஆனால் வீட்டில் போன் உள்ள பிள்ளைகள் அதை வகுப்புக்கு முன்பே பார்த்துவிடுவார்கள், எனவே எண்களை மாற்றிக்கொண்டு போவது உத்தமம்.

பக்கத்துப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் இருவரோடு மாதம் ஒரு சனிக்கிழமை டீக்கடையில் உட்கார்வோம். ஒரே கணக்கை மூன்று பள்ளியில் போட்டுவிட்டு, பிள்ளைகள் எங்கே மாட்டினார்கள் என்று பேசுவோம். அதில் ஒரு சார் மூன்றாம் வருடம் நின்றுவிட்டார். "உங்களுக்கு ஒத்துவருது டீச்சர், எனக்கு சிலபஸ் முடியணும்" என்றார். தப்புச் சொல்ல முடியவில்லை. ஒரு வருடத்துக்கு எட்டு, பத்து கணக்குக்கு மேல் என்னாலும் போட முடிந்ததில்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் காரணி–மடங்கிலேயே ஆரம்பியுங்கள். ஒருவர் ஒரு எண்ணை அடிக்க, அடுத்தவர் அதன் காரணியையோ மடங்கையோ அடிக்க வேண்டும். அடித்த எண் திரும்ப வராது. எண் கிடைக்காதவர் அவுட். முதல் எண் மட்டும் 50-க்குக் குறைவான இரட்டை எண்ணாக இருக்க வேண்டும் என்று விதி. ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். விதியை எடுத்துவிட்டு ஒருவனை 97-ல் ஆரம்பிக்க விடுங்கள். எதிராளிக்கு 1-ஐத் தவிர வழியில்லை, உடனே இவன் 89 போடுவான், ஆட்டம் முடிந்தது. பகா எண்ணுக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் போட்டியை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே சங்கிலியை எவ்வளவு நீளமாகக் கொண்டுபோக முடியும் என்று பார்க்கலாம். 100 கட்டத்தில் அதிகபட்சம் 77 எண்கள். எங்கள் பள்ளி 61-ல் நிற்கிறது. இந்த ஜூனில் அட்டைகளைத்தான் புதிதாக அடிக்க வேண்டும்.