6 அடியா, 8 அடியா, கேபிள்காரர் விட்டுப்போன பழசா? வடசென்னை மாடிக்குப் பெரிய டிஷ்

பெரிய டிஷ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சேனல் வரும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இது உங்கள் தெருவுக்குள் நுழைந்து, மாடிப்படி ஏறி, புயல் மாதத்தைத் தாண்டி நிற்குமா? ராயபுரத்தின் சந்துகளையும் வியாசர்பாடியின் ஹவுசிங் போர்டு படிக்கட்டுகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். அதை வைத்துத்தான் மூன்று வழிகளையும் அலசப்போகிறேன்: புது 6 அடி மெஷ் (கம்பிவலை டிஷ்), புது 8 அடி மெஷ், கேபிள் ஆபரேட்டரிடம் கிடைக்கும் பழைய சாலிட் டிஷ் (ஓட்டையில்லாத முழுத் தகடு).

பெரிய டிஷ் எதற்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிடிஎச் கம்பெனிகளும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் பயன்படுத்துவது கேயூ பேண்ட் என்ற அலைவரிசை. இரண்டடி டிஷ் போதும், ஆனால் ஐப்பசி மழை கொட்டும்போது படம் போய்விடும். பெரிய டிஷ் பிடிப்பது சி பேண்ட். அதன் அலைநீளம் ஏழு, எட்டு சென்டிமீட்டர், அடைமழையிலும் அசையாது. பல மொழிச் செய்தி, பக்திச் சேனல்கள் பூட்டில்லாமல், அதாவது சந்தா கேட்காமல் வரும். பெரிய பொழுதுபோக்குச் சேனல்கள் பூட்டோடுதான் வரும். அவற்றுக்காக டிஷ் வாங்குவதாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பணம் மிச்சம்.

சரி, அளவு. 6 அடியிலிருந்து 8 அடிக்குப் போனால் பரப்பளவு ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகும், சிக்னலில் 2.5 டெசிபல் கூடும். ஜிசாட்-30 மாதிரி இந்தியாவில் சிக்னல் பலமாக இருக்கும் செயற்கைக்கோளுக்கு 6 அடி தாராளம். 105.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஆசியாசாட்-7 மாதிரி பரந்த பரப்புக்கு வீசும் செயற்கைக்கோளில் பலவீனமான சேனல்களைத் தேடுபவர்களுக்குத்தான் 8 அடியின் அருமை தெரியும். வீட்டுக்குப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த 2.5 டெசிபல் தேவையில்லை என்பது என் கட்சி.

தூக்கி வருவதில் வித்தியாசம் இன்னும் பெரிது. 6 அடி மெஷ் துண்டு துண்டாகத்தான் வரும். நான்கு துண்டாக வந்தால் ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், நாலடிக்குச் சற்றே கூடுதல் அகலம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் திருவொற்றியூர் வரை வந்துவிடலாம். 8 அடியின் துண்டுகள் நாலடி நீளம், கூடவே கனமான கம்பமும் தாங்கியும். அதற்குக் குட்டி யானைதான். பின்தட்டு ஏழடி நீளம் இருப்பதால் துண்டுகளை அடுக்கிக் கயிறு கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை.

ஒரே துண்டான சாலிட் டிஷ்ஷின் கதை வேறு. குட்டி யானையின் அகலம் ஐந்தடிக்கும் குறைவு. 6 அடி டிஷ்ஷையே படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீன்பாடி வண்டிக்காரர் ஒருவரிடம் விசாரித்தபோது அவர் சொன்னது: "படுக்க வச்சா ரோடு பத்தாதுண்ணா, நிக்க வச்சா காத்து தூக்கினு பூடும்." பொறியியல் படித்தவர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல்காற்று, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அங்கே டிஷ்ஷை நிற்கவைத்துக் கொண்டுவருவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கொண்டுவந்தே தீரவேண்டும் என்றால் விடியற்காலையில், உள்ரோடு வழியாக, குழிவைக் கீழே கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் பழைய டயர் போட்டு வரலாம். விளிம்பு வளைந்துவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் சிக்னல் சரியாக வராது.

அப்படியானால் பழைய டிஷ்ஷை ஏன் யோசிக்க வேண்டும்? விலைதான். ஒரு காலத்தில் ஒவ்வொரு கேபிள்காரரும் மொட்டைமாடியில் ஐந்தாறு டிஷ் வைத்துத் தானே சிக்னல் பிடித்தார். இப்போது பெரும்பாலும் ஃபைபரில் மொத்தமாக வந்துவிடுகிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மாடிகளில் சும்மா நிற்கும் டிஷ்கள் பழைய இரும்பு விலைக்கே பேசிமுடிக்கக் கிடைக்கும். அலுமினியம் என்றால் கொஞ்சம் கூடக் கேட்பார்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை உண்டு, நூல் இருந்தால் போதும். டிஷ்ஷின் விளிம்பில் எதிரெதிராக ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். அதற்குக் குறுக்கே, கூட்டல் குறி மாதிரி, இன்னொன்று. நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். இடைவெளி இருந்தால் டிஷ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்நூல் கீழ்நூலை அழுத்தினாலும் அதேதான். சி பேண்டுக்கு நாலைந்து மில்லிமீட்டர் பரவாயில்லை. விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் விற்பவர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, பழசில் எல்.என்.பி-யை (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) தாங்கும் கம்பிகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். எவ்வளவு உயரத்தில் எல்.என்.பி நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். 183 சென்டிமீட்டர் அகலம், 30 ஆழம் என்றால் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். டேப் கையில் இருந்தால் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம். ஜிசாட்-30 நிற்பது 83 டிகிரி கிழக்கில், சென்னை இருப்பது ஏறக்குறைய 80.3-இல். அதனால் டிஷ் தெற்கே லேசாகக் கிழக்கு ஒட்டி, 74 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட வானத்துக்கு நேரே. இதில் நன்மை, எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினாலும் பெரும்பாலும் மறைக்காது. ஒட்டுச்சுவர் வீடுகள் நிறைந்த பழைய வண்ணாரப்பேட்டைக்கு இது பெரிய விஷயம். தீமை, சாலிட் டிஷ் சட்டியாகிவிடும். கணக்குப் போட்டால் 6 அடி டிஷ்ஷில் 40 லிட்டரும், 8 அடியில் 90 லிட்டருக்கு மேலும் மழைநீர் நிற்கும். நடுவில் துளை இருந்தாலும் அரசிலையும் காக்கை எச்சமும் அடைத்துக்கொள்ளும். பாரம் ஒருபக்கம், சிக்னல் போவது ஒருபக்கம், டெங்கு சீசனில் மாடி ஏறிப்பார்க்கும் மாநகராட்சி ஊழியருக்கு என்ன பதில் சொல்வது? மெஷ்ஷில் தண்ணீர் நிற்கவே நிற்காது. எனக்கு மெஷ் பக்கம் சாய்வதற்கு இது ஒன்றே போதும்.

மெஷ்ஷுக்கும் எதிரி உண்டு, உப்புக்காற்று. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் சாதாரண இரும்பு மெஷ் சீக்கிரமே துருப்பிடித்து, கம்பி விலாவை விட்டுக் கழன்று தொங்கும். அலுமினிய மெஷ், துருப்பிடிக்காத நட்டு போல்ட் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் காந்தம் ஒட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொடுங்கையூர், பெரம்பூர் மாதிரி உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம்.

காற்று விஷயத்தில் ஓட்டை இருக்கிறதே என்று மெஷ்ஷை நம்பிவிடக் கூடாது. கடலிலிருந்து புயல் நம்மை நெருங்கும்போது காற்று வடக்கிலிருந்துதான் முதலில் அடிக்கும். தெற்கே சாய்ந்திருக்கும் டிஷ்ஷின் முதுகு வடக்குப் பக்கம். அடியில் புகுந்து தூக்குவதற்கு வாகாக இருக்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்த பிறகு எத்தனை மாடிகளில் கம்பம் மட்டும் நின்றது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். துண்டுகளாக வரும் டிஷ்ஷை எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். 6 அடியை இரண்டு பேர் சீக்கிரம் கழற்றிவிடுவார்கள். 8 அடிக்கு ஆள் கூட வேண்டும், திரும்பத் தூக்குக்குண்டு பிடித்துக் கம்பத்தை நேராக்கி ட்யூன் செய்யவும் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, ஹவுஸ் ஓனர் தளத்தில் துளைபோட விடுவாரா என்ற கேள்வியிலேயே 8 அடி அடிபட்டுவிடுகிறது. 6 அடியை மணல்மூட்டை வைத்த சட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம், புயல் வந்தால் கழற்றும் நிபந்தனையோடு.

மாடிக்கு ஏற்றுவதை மறக்காதீர்கள். மெஷ் துண்டுகள் படியிலேயே ஏறிவிடும். ஒரே துண்டு டிஷ்ஷை வெளியே கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். தெருவின் குறுக்கே போகும் மின்கம்பியில் உலோக டிஷ் உரசினால் கயிறு பிடித்தவர் உயிர் போகும். கம்பி ஓடும் பக்கமாக ஏற்ற வேண்டிய வீடு என்றால் சாலிட் டிஷ் பேச்சே வேண்டாம்.

எனவே கூட்டிக்கழித்துப் பார்த்தால் பெரும்பாலானோருக்கு 6 அடி அலுமினிய மெஷ்ஷைத்தான் சொல்வேன். சொந்த வீடு, உறுதியான தளம், கிழக்குப் பக்கச் செயற்கைக்கோள்களில் பைத்தியம், இந்த மூன்றும் இருந்தால் 8 அடி. பழைய சாலிட் டிஷ்ஷுக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது: விற்கும் கேபிள்காரரின் மாடி உங்கள் மாடியை ஒட்டியே இருந்து, கைப்பிடிச்சுவர் தாண்டி நாலு பேர் கைமாற்றிக் கொடுக்க முடிந்தால். அப்போது வண்டியும் இல்லை, கயிறும் இல்லை. பேரம் பேசும்போது அதில் இருக்கும் எல்.என்.பி-க்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். 2022 அக்டோபரில் 5ஜி வந்தது முதல் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை செல்போன் கோபுரங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. பழைய எல்.என்.பி அந்த இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திணறும். 3.7-க்குக் கீழே வடிகட்டும் 5ஜி ஃபில்டர் வைத்த புது எல்.என்.பி எந்த டிஷ்ஷுக்கும் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.