காலை ஏழரைக்கு மடங்காத விரல்கள்: போனில் பிசியோ, இரண்டரை வருடம்

கிண்ணியாவில் படிப்பிக்கும் சிநேகிதிக்குப் போன மாதம், எனக்கிருக்கும் அதே முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ்) என்று உறுதி செய்திருக்கிறார்கள். "நீ போனில் செய்கிறாயே, அந்தப் பயிற்சியில் நானும் சேரட்டுமா?" என்று கேட்டாள். "ஓம், சேர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று அவளுக்கு எழுதத் தொடங்கியதுதான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

கொழும்பில் உள்ள ஒரு தனியார் நிலையம். கிழமைக்கு ஒரு நாள் அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் வீடியோவில் நேரடியாக வருவார், நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மற்ற நாட்களில் அவர் அனுப்பிய வீடியோவைப் பார்த்து நாமே செய்ய வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றருக்குக் கிட்ட. வீங்கிய முழங்காலோடு இரவு ரயிலில் போய் வந்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். மழைக்காலத்தில் சிக்னல் போகும், கரண்ட் போகும். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை.

என் கோபம் நேரத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு அவர்கள் தருவது காலை 7.30 மட்டும்தான். பின்னேர நேரமெல்லாம் நேரில் வருபவர்களுக்காம். முடக்குவாதத்தின் முக்கிய அடையாளமே காலை விறைப்பு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் விடியற்காலையில்தான் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. எழும்பி ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், விரல்கள் மரக்கட்டை போலத்தான் இருக்கும். வாத நோயாளிகளுக்கென்றே நடத்தும் ஒரு நிலையத்துக்கு இது தெரியாதா?

"விரலை மடக்கிக் காட்டுங்கோ அக்கா" என்பார் தங்கச்சி. பாதிதான் மடங்கும். 'பிடி குறைவு' என்று பதிவாகும். அதே கை பின்னேரம் நாலு மணிக்கு ஈரத் துவாயை முறுக்கிப் பிழியும். ஆனால் அடுத்த கட்டத்துக்கு ஏற்றுவதா இல்லையா என்று தீர்மானிப்பது காலைப் பதிவை வைத்து. அதனால் ஒரு வருடத்துக்கு மேலாக இலேசான மஞ்சள் ரப்பர் பட்டியிலேயே நிற்கிறேன், அதைவிட இறுக்கமான சிவப்புக்குப் போகவில்லை. பின்னேரம் நானே வீடியோ எடுத்து அனுப்பினேன். "பார்த்தேன் அக்கா, நல்லாச் செய்றீங்கள். ஆனால் நேரடி வகுப்பில் செய்வதைத்தான் பதியலாம்" என்றார். அவர் என்ன செய்வார், சட்டம் போட்டவர் வேறு யாரோ.

தங்கச்சியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் சிக்னல் குசினிக்குள்தான் கிடைத்தது. போனை அங்கே வைத்துச் செய்துகொண்டிருந்தேன். பின்னால் தரையில் கிடந்த திருவலையைக் கண்டுவிட்டு, "அதிலயா அக்கா குந்தித் தேங்காய் துருவுறீங்கள்?" என்று கேட்டார். மேசையில் பூட்டிச் சுற்றும் துருவியை வாங்கச் சொன்னார். போத்தல் மூடியை விரல் நுனியால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பப் பழக்கினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்த எவருக்கும் என் குசினி தெரியாது.

கைப் பயிற்சிகளும் வெறும் கை ஆட்டல் இல்லை. இங்கிலாந்தில் 490 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியான 'சாரா' ஆய்வின் முறைதான்: அசைவுக்கு 7 பயிற்சி, பலத்துக்கு 4. அந்த ஆய்வில் பயிற்சி செய்தவர்களின் கைகள் ஒரு வருடம் கழித்தும் மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்தன. பயிற்சிக்குப் பிறகு வலி 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அடுத்த நாள் எண்ணிக்கையைக் குறை என்பது தங்கச்சி தந்த கணக்கு. மூட்டு சூடாகி வீங்கிய நாளில் பட்டி வேண்டாம், மெதுவாக அசைத்தால் போதும். (மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. கிழமைக்கு ஒருமுறை போடும் மெதோட்ரெக்சேட்டுக்குப் பயிற்சி பதிலாகாது. கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிப்பதும் அப்படித்தான், விறைப்பு கொஞ்ச நேரம் இளகும், அவ்வளவுதான்.)

பயிற்சி தொடங்கிப் பத்து மாதம் கழித்து ஒரு பின்னேரம் இடியப்ப உரலை எடுத்தேன். மூன்று வருடமாக அதை மகள்தான் பிழிந்தாள். அன்று பதினாறு இடியப்பம் நானே பிழிந்தேன். மகள் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசாமல் தட்டை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நிலையத்துக்கு நான் கட்டிய காசு முழுவதும் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

அப்படியிருந்தும் சிநேகிதிக்கு நான் சொன்னது இதுதான்: பின்னேரம் நேரம் தருவோம் என்று எழுதித் தந்தால் சேர், இல்லையென்றால் வேண்டாம். உன் கை மோசம் என்று கிழமைக்குக் கிழமை காலையில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் நீயும் அதை நம்பத் தொடங்கிவிடுவாய். எனக்கு அது நடந்தது.

நான் விலகவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்கும் காசு கட்டிவிட்டேன். நாளைக்கு வகுப்பு. ஐந்தரைக்கே எழும்பி, தண்ணீர் சுட வைத்து, இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு இருக்கப்போகிறேன், ஏழரைக்குள் எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடங்கட்டும் என்று.