கல்லூரி டென்னிஸ் துணைப் பயிற்சியாளர்: பெரிய அணியா, சின்ன அணியா, கிளப்பா?

அமெரிக்கக் கல்லூரிகளில் நான்கு வருடம் டென்னிஸ் ஆடி முடித்தவர்களில் நிறையப் பேருக்குத் தொழில்முறையில் ஆடிப் பிழைக்கிற அளவுக்கு ரேங்க் இருக்காது, ஆனால் ஆட்டத்தை விட்டுப் போகவும் மனசு வராது. அவர்கள் முதலில் தேடுவது துணைப் பயிற்சியாளர் வேலை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்துக்குப் போவதா, யாரும் அதிகம் கேள்விப்படாத சின்ன டிவிஷன் 1 அணிக்கா, கீழ்மட்டப் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிக்கா, இல்லை எதுவுமே வேண்டாமென்று ஒரு கிளப்பில் கோச்சிங் கொடுக்கப் போய்விடுவதா என்று குழப்பம் வரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வேலை என்றால், ஒரே ஒரு துணைப் பயிற்சியாளர் மட்டும் இருக்கிற சின்ன டிவிஷன் 1 அணிதான்.

காரணம் போட்டி நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. டிவிஷன் 1 அணிப் போட்டியில் முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரே செட். இரண்டை ஜெயிக்கும் அணிக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கு எடுத்தால் வெற்றி. அட்வான்டேஜ் கிடையாது, 40-40 ஆனால் அடுத்த பாயின்டிலேயே கேம் முடிந்துவிடும். பெரும்பாலும் ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் ஓடும், பயிற்சியாளர் நடுவில் பேசவும் செய்யலாம், ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் ஆறு இடத்தில் நிற்க முடியாதே. அணிகள் 3-3, ஐந்தாம் கோர்ட்டில் மூன்றாவது செட், 5-5, 40-40 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் நின்று சர்வை வாங்குவது என்பதை ரிட்டர்ன் செய்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிராளி நெருக்கடியில் எந்தப் பக்கம் சர்வ் போடுகிறான் என்று ஒரு மணி நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் அங்கே நிற்கிறாரா, அவர் சொல்வதை அந்தப் பையன் நம்புகிறானா என்பதில்தான் அந்த நாளே இருக்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளர்தான். பயிற்சியாளராக வளர வேண்டுமானால் அந்த இடத்தில் எத்தனை தடவை நின்றோம் என்பதுதான் கணக்கு.

மற்ற நாட்களில் என்ன வேலை என்று கேட்டால், பாதி நேரம் ஆள் தேடுவதுதான். ஆட்டக்காரரின் திறமையை எண்ணாகக் காட்டும் யூடிஆர் மதிப்பீட்டைப் பார்த்து வடிகட்டுவது, வீடியோ பார்ப்பது, வேறு நாட்டில் இருக்கும் பெற்றோருடன் அவர்கள் நேரத்துக்கு விழித்திருந்து பேசுவது. போட்டிக்கு முந்தின இரவு ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் மாட்டுவது, வேன் ஓட்டுவது, ஓட்டல் பதிவு செய்வது, சீசனில் வாரம் 20 மணி நேரம் என்ற பயிற்சி வரம்பைத் தாண்டாமல் கணக்கு வைப்பது எல்லாம் இதோடு சேரும். ஆள் தேடுவது பிடிக்காதவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிவிட்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, 2025-இல் இது இன்னும் கனமாகிவிட்டது. ஆண்கள் அணிக்கு 4.5, பெண்கள் அணிக்கு 8 என்றிருந்த ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் மொத்தமே 10 பேர் என்று ஆகிவிட்டது. பத்தில் ஒருவரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மறைக்க இடமில்லை.

இப்போது பெரிய அணியைப் பார்ப்போம். வசதி, பெயர், தொடர்புகள் என்று எல்லாம் உண்டு. ஆனால் உங்களுக்கு மேலே அனுபவமுள்ள ஓர் இணைத் தலைமைப் பயிற்சியாளர் இருப்பார். முக்கியமான கோர்ட்டுகளும் ஆள் தேடும் முடிவுகளும் அவரிடம் இருக்கும், உங்களுக்குப் பந்து அடித்துக் கொடுப்பதும் ஸ்ட்ரிங் மாட்டுவதும் மிஞ்சும். பெரிய அணியின் இரண்டாம் நாற்காலி எவ்வளவு பெரியதாகலாம் என்பதற்கு டெக்சஸ் உதாரணம்: 2019-இல் தலைமைப் பயிற்சியாளர் சேர்க்கை ஊழல் வழக்கில் சிக்கி நீக்கப்பட, துணையாக இருந்த புரூஸ் பெர்க் இடைக்காலப் பொறுப்பேற்று, அதே மே மாதம் இறுதிப் போட்டியில் வேக் ஃபாரஸ்டைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் டெக்சஸுக்கு வரும் முன்பே மிச்சிகன் அணியைப் பல வருடம் தலைமையேற்று நடத்தியவர். வர்ஜீனியாவின் ஆண்ட்ரேஸ் பெட்ரோசோவும் முதலில் அங்கே துணையாக இருந்து, இடையில் வெளியே போய், 2017-இல் தலைமைக்குத் திரும்பி, 2022, 2023 இரண்டு வருடமும் பட்டம் வென்றவர். இவர்களைப் பார்த்துவிட்டு 23 வயதில் அதே நாற்காலியில் உட்கார்ந்தால் அதே பாதை திறக்கும் என்று நினைக்கக் கூடாது.

டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. எமரி, வில்லியம்ஸ் மாதிரிக் கல்லூரிகள் அப்படியிருந்தும் நல்ல டென்னிஸ் ஆடுகின்றன. இங்கே துணைப் பதவி பெரும்பாலும் பகுதி நேரம்தான், ஆனால் தலைமைப் பதவி சீக்கிரம் கிடைக்கும், சில இடங்களில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் ஒருவரே பார்ப்பார். படிப்பும் ஆட்டமும் சேர்ந்த வாழ்க்கை பிடித்தவர்களுக்கு இது அருமையான இடம், டிவிஷன் 1-க்கு ஏறும் படியாக மட்டும் நினைத்துப் போகாதீர்கள்.

கிளப்பில் பணம் அதிகம், அதை மறைத்துப் பயனில்லை. மணிக்கணக்கில் கட்டணம், வாரத்துக்கு நிறைய மணி நேரம் நிரம்பினால் ஆரம்ப நிலைத் துணைப் பயிற்சியாளர் சம்பளத்தைத் தாண்டிவிடலாம். கடனும் குடும்பமும் உள்ளவர் இதைத் தேர்ந்தெடுத்தால் சரிதான். தொழில்முறை ஆட்டக்காரரோடு ஊர் ஊராகப் போகும் வேலையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை: மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள அடிமட்டத் தொழில்முறைப் போட்டியில் ஒற்றையர் சாம்பியனுக்கே சுமார் 2,160 டாலர்தான், அவர் உங்களுக்கு எங்கிருந்து கொடுப்பார்?

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மிசிசிப்பியில் ஆடிய மகேஷ் பூபதி, வர்ஜீனியாவுக்காக 2007, 2008 ஒற்றையர் பட்டம் வென்ற சோம்தேவ் தேவ்வர்மன் என்று இந்தக் கல்லூரி வழி நமக்குப் பழையது. பட்டம் வாங்கியபின் கிடைக்கும் ஒரு வருட வேலை அனுமதி, படித்த பாடத்தோடு தொடர்புள்ள வேலைக்குத்தான். அதன்பின் எச்-1பி வேலை விசா என்றால் பல்கலைக்கழகங்கள் வருடாந்தரக் குலுக்கலுக்கு வெளியே மனுப் போடலாம், கிளப் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் சின்னக் கல்லூரி எல்லாமும் ஒரு பயிற்சியாளருக்காக அந்தச் செலவைச் செய்யத் தயாராக இருக்காது. நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

சின்ன அணியிலும் ஆபத்து இருக்கிறது. 2020-இல் அயோவா, மினசோட்டா, கனெக்டிகட் மூன்றுமே ஆண்கள் டென்னிஸை நிறுத்துவதாக அறிவித்தன, அவை சின்னப் பெயர்களும் அல்ல. பெண்கள் அணிகளுக்கு, கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தின் பாதுகாப்பு ஓரளவு இருப்பதால், அங்கேயும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். தலைமைப் பயிற்சியாளர் வேறிடம் போனால் துணையின் வேலையும் ஆட்டம் காணும். அதனால் கல்லூரியைவிட அந்த மனிதரைத்தான் விசாரிக்க வேண்டும்: போட்டி நாளில் எந்தக் கோர்ட்டுகள் எனக்கு, ஆள் தேடுவதில் என் பேச்சு எடுபடுமா, சம்பளம் 10 மாதத்துக்கா 12 மாதத்துக்கா. இதற்குமுன் அங்கே துணையாக இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.