ரெஸ்ராட்: லீக்ஸுக்கு ஓரளவு ஓகே, தேயிலைக்குச் சரிவராது

மண்ணில் கிடக்கிற கதிரியக்கப் பொருளில் எவ்வளவு பயிருக்குள் ஏறும், எவ்வளவு மழைத்தண்ணீரோடு கீழே இறங்கும், அதைச் சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுத் தருகிற மென்பொருள்தான் ரெஸ்ராட். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் செய்தது, பதிவு செய்தால் இலவசம், விண்டோஸில் ஓடும். நான் பாவித்தது மாசுபட்ட நிலத்துக்கான அதன் வகை, ரெஸ்ராட்-ஒன்சைட். அணு உலையே இல்லாத இலங்கையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையம் கடலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது, அதோடு நாம் போடுகிற பொஸ்பேட் உரத்தின் மூலப் பாறையிலேயே யுரேனியம் கொஞ்சம் இயல்பாக இருக்கும்.

கணக்கின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு விகிதம், அதாவது மண்ணில் இருப்பதில் எத்தனை பங்கு பயிரில் சேரும் என்பது. அணு விபத்துகளில் வெளிவரும் கதிரியக்கப் பொருட்களான சீசியத்துக்கு மென்பொருளே வைத்துத் தருவது 0.04, ஸ்ட்ரோன்டியத்துக்கு 0.3. மண்ணில் கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்றால் பயிரில் முறையே 4, 30. எளிமைதான், ஆனால் இந்த எளிமைதான் எனக்கு இடிக்கிறது. செடி சீசியத்தைப் பொட்டாசியம் மாதிரி நினைத்துத்தான் உள்ளே எடுக்கிறது, அதனால் பொட்டாஷ் குறைந்த மண்ணில் கூடுதலாக ஏறும். புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானில் வயல்களுக்குப் பொட்டாஷ் போட்டதும் இதனால்தான். நம் மலைமண்ணோ புளிப்பு, மழையில் கரைந்து களைத்த மண், அதில் உள்ள கேயோலினைட் என்ற களி, இல்லைட் என்ற வேறு வகைக் களியைப் போல சீசியத்தை இறுக்கிப் பிடிக்காது. மண்ணில் பொட்டாஷ் எவ்வளவு என்று இந்த மென்பொருள் எந்த இடத்திலும் கேட்பதில்லை.

அப்புறம் மழை. முன்கூட்டியே போட்டிருப்பது வருடத்துக்கு 1 மீட்டர். நுவரெலியாவிலேயே அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெய்யும், வட்டவளைப் பக்கம் 5 மீட்டரையும் தாண்டும். மண்ணரிப்பு வருடத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று இருக்கிறது, கந்தப்பளைச் சரிவில் கரட் பிடுங்கிய பாத்தியை மழைநாளில் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நல்ல வேளை, எல்லாவற்றையும் மாற்றலாம்.

கவனிக்காமல் விட்டால் விடையையே புரட்டிவிடுவது வேரின் ஆழம். அதற்கு 0.9 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். மேல் 15 சென்டிமீட்டரில் மட்டும் மாசு என்று கொடுத்தால், வேரில் ஆறில் ஒரு பங்குதான் மாசுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விடையையும் ஆறில் ஒன்றாக்கிவிடும். லீக்ஸ் வேர் அவ்வளவு ஆழம் எங்கே போகிறது? 0.3 என்று மாற்றினால் அதே விடை மூன்று மடங்காகிறது. விகிதத்தையும் அப்படியே விடாமல், சர்வதேச அணுசக்தி முகமையின் 2010 கையேட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள், அதில் மண் வகை, பயிர் வகை வாரியாக உண்டு, வெப்பமண்டலத்துக்கும் தனியாக இருக்கிறது. அதில் ஈர எடையா உலர் எடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மென்பொருள் கேட்பது ஈர எடைக்கு.

தேயிலைக்கு மட்டும் இதை நம்பவே வேண்டாம். 2011 இல் புகுஷிமாவிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஷிசுவோக்காவில் தேயிலை அன்றைய எல்லையான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டியது, அதுவும் வேர் வழியாக அல்ல. பழைய இலைகளில் விழுந்த சீசியம் உள்ளே போய்ப் புதுக் கொழுந்துக்கு ஏறியிருந்தது. ரெஸ்ராட்-ஒன்சைட் மாசு மண்ணில் கிடப்பதாகத்தான் கணக்கைத் தொடங்கும், இலைக்குப் போவதாகக் காட்டுவதும் மண்ணிலிருந்து கிளம்பும் தூசியும் தெளிக்கும் தண்ணீரும்தான். இலையை ஊறவைத்து வடித்துக் குடிப்பதற்கும் அதில் இடமில்லை. ஜப்பான் 2012 இலிருந்து வடித்த தேநீருக்கே கிலோவுக்கு 10 பெக்கரல் என்று எல்லை வைத்துவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முதலில் திறக்கும்போது அளவுகள் அமெரிக்காவில் வழங்கும் பிக்கோகியூரி, மில்லிரெம் அலகுகளில் இருக்கும், அமைப்பில் போய்ப் பெக்கரல், சீவர்ட்டுக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.