கூடலூர், பந்தலூர் மக்களுக்கு: அடையாள அட்டை வாங்கித் தருவதாக வருகிறவரிடம் எச்சரிக்கை

பந்தலூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் ஒருவர் சுற்றி வருகிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாத உதவித்தொகை எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்வார். கையில் படிவக் கட்டு, வாயில் அதிகாரிகளின் பெயர்கள். என் அத்தையிடம் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். கொழுந்து பறித்துச் சேர்த்த பணம்.

அத்தை மகனுக்கு 16 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். “டாக்டர் குறைபாடு 75 சதவீதம் என்று எழுதினால்தான் மாதம் 2,000 ரூபாய் வரும், அதற்குச் சிலரைக் கவனிக்க வேண்டும்” என்றிருக்கிறார். அந்த 75 சதவீத விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவுக்கு. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும். அதாவது, பையனுக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறார். அவர் சொன்னபடி பொய்ச் சான்று வாங்கியிருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு சிறைவரை போகலாம். மாட்டுவது அவரல்ல, அத்தை.

பணத்தைவிடப் பெரிய வில்லங்கம் பிறகுதான் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) போட்ட இணைய விண்ணப்பத்தில் தன்னுடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஒருமுறைக் கடவுச்சொல், மருத்துவப் பரிசோதனைத் தகவல் எல்லாம் அவருக்கே போயின. கேட்டால், “இன்னும் 2,000 கொடுங்கள், சொல்கிறேன்.” போதாக்குறைக்கு, வங்கிக் கணக்கு தொடங்கிய கையோடு பணம் எடுக்கும் வெற்றுச் சீட்டிலும் கையெழுத்துக் கேட்டார். நல்லவேளை, அத்தை அதற்கு மட்டும் மசியவில்லை.

ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து எண்ணை மாற்றினோம். அங்கே யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் பந்தலூரிலிருந்து நடுவட்டம் ஏறி ஊட்டி போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகிறது. இந்த ஆளுக்குப் பிழைப்பு கொடுப்பது அந்தத் தூரம்தான். இதை அரசுதான் யோசிக்க வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை வட்டார அளவில் மருத்துவ முகாம் நடத்துகிறது. எப்போது என்று வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர்களைக் கேளுங்கள். பெரியவர்களுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்யும்போது, திரையில் இருப்பது உங்கள் வீட்டு எண்தானா என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆதாரின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. ஆளை இப்போது தேவாலா பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள்; அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் தகவல் சொல்லிவிடுங்கள்.