கஞ்சா மொட்டு எரியும் விதம்: ஃப்ளஷிங்கும் பாடம் செய்தலும் குறித்த நீண்டகால அனுபவம்

வயது வந்தோர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குச் சில கஞ்சாச் செடிகளை வளர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தரும் சூழலில், பல அறுவடைகளாக நானே வளர்த்து, உலர்த்தி, பாடம் செய்து, அதாவது உலர்ந்த மொட்டை மூடிய ஜாடியில் வைத்துப் பக்குவப்படுத்தி, பயன்படுத்தி வருகிறேன். வளர்ப்பவர்களிடையே நான் ஓயாமல் கேட்டு வரும் கூற்று ஒன்று உண்டு: அறுவடைக்கு முந்தைய வாரங்களில் உரத்தை நிறுத்தி வெறும் நீரை மட்டும் விட்டால், அதாவது ஃப்ளஷிங் செய்தால், சாம்பல் வெண்மையாக விழும், செய்யாவிட்டால் மொட்டுக்குள் தங்கிய உரம் சாம்பலைக் கறுப்பாக்கி, தொண்டையையும் எரிக்கும். என் பயன்பாட்டில் இக்கூற்றின் முதற்பாதி கூட நிலைக்கவில்லை.

ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த பதியன்களைப் பிரித்து, சிலவற்றுக்கு வெறும் நீரும் மற்றவற்றுக்கு இறுதிவரை உரநீரும் கொடுத்து, ஒரே அறையில் உலர்த்தி, ஒரே வகை ஜாடிகளில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன். எந்த ஜாடி எது என்று தெரியாமல் பயன்படுத்திய நண்பர்களாலும் என்னாலும் எரிதலில் வேறுபாடு காண முடியவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்எக்ஸ் கிரீன் டெக்னாலஜீஸ் என்ற உர நிறுவனம் 0, 7, 10, 14 நாட்கள் என வெவ்வேறு கால அளவுகளில் ஃப்ளஷிங் செய்து நடத்திய சோதனையிலும், போதை தரும் டிஎச்சியின் அளவிலோ மணம் தரும் டெர்பீன்களின் அளவிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நீண்ட ஃப்ளஷிங்குக்குச் சுவைத்துப் பார்த்தோரின் ஆதரவும் கிடைக்கவில்லை. உரம் விற்கும் நிறுவனத்தின் சோதனை என்பதை மறக்காமல்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

காரணத்தை யோசித்தால் இது வியப்புக்குரியதன்று. வேரில் ஊற்றும் நீர், மண்ணோ நார்க்கழிவோ போன்ற வளர்ப்பூடகத்தில் படிந்த உப்பைக் கரைத்து வெளியேற்றும்; திசுவுக்குள் சேர்ந்துவிட்ட தாதுக்களை அது கழுவி எடுக்காது. உரம் கிடைக்காத செடி, பழைய இலைகளில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை வளரும் பகுதிகளுக்கு நகர்த்துகிறது. இலை மஞ்சளாவதைத் தூய்மையின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இதைவிட முக்கியமான முரண் ஒன்று இருக்கிறது. வெண்சாம்பல் என்பதே கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய தாதுக்களின் எச்சம்தான். கறுப்பு என்பது எரியாமல் மிஞ்சிய கரி. தாதுக்கள் அனைத்தும் வெளியேறிவிட்டால் வெண்மையாக விழுவதற்கே எதுவும் இராது. புகையிலைத் துறையில் பொட்டாசியம் இலையை நன்றாகக் கனலச் செய்யும் என்பதும், குளோரைடு கூடினால் கனல் அணையும் என்பதும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டவை. நைட்ரேட்டும் எரிதலுக்குத் துணைசெய்யும் பொருளே. நைட்ரேட் உப்பான வெடியுப்பை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சாம்பலின் நிறத்தை முடிவு செய்வது எது? என் அனுபவத்தில் பெரும்பங்கு ஈரத்துக்கே. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் கனலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் தண்டருகே ஈரமாகவும் இருக்கும் மொட்டு ஒரு பக்கமாக எரிந்து, அடிக்கடி அணைந்து, கரிய கட்டிகளை விட்டுச் செல்லும். அதே மொட்டைச் சுமார் 15 முதல் 21 டிகிரி செல்சியஸில், 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒன்று முதல் இரண்டு வாரம் மெதுவாக உலர்த்திய பின் கண்ணாடி ஜாடியில் 58 முதல் 62 விழுக்காட்டில் நிலைநிறுத்தினால், உள்ளீரம் சீராகப் பரவி, கனல் நேராக நகர்கிறது. தொடக்க நாட்களில் ஜாடியை நாள்தோறும் திறந்து காற்று மாற்ற வேண்டும். திறக்கும்போது அம்மோனியா வாடை வந்தால் ஈரம் மிகுதி என்று பொருள், உடனே வெளியே பரப்பிவிடுவது நல்லது. 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரும் வாய்ப்பு கூடுகிறது. பூஞ்சை பிடித்ததை எரித்துவிட்டால் போதும் என்று எண்ணுவது, குறிப்பாக நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு, ஆபத்தானது. மலிவான ஈரப்பதமானிகள் சில விழுக்காடு பிசகுவதால், நீரில் நனைத்த சாப்பாட்டு உப்புடன் மூடிய பெட்டியில் வைத்து, அது 75 காட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகே நம்புகிறேன்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விசிறிக் காற்றில் அவசரமாக உலர்த்தி, பாடமே செய்யாத மொட்டும் வெளிர்ந்த சாம்பலைத் தரும். ஆனால் அது வேகமாகவும் சூடாகவும் எரிந்து, பச்சைப்புல் வாடையுடன் தொண்டையைக் கரகரக்கச் செய்யும். மெதுவாக உலரும்போது நொதிகள் மாவுச்சத்தையும் பச்சையத்தையும் ஓரளவு சிதைக்கின்றன. அந்தச் சிதைவுக்கு முன்பே நீர் போய்விட்டால் நொதிகளின் வேலை நின்றுவிடும். ஆகவே சாம்பலின் வெண்மையை நான் வறட்சிக்கான குறியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மென்மையை மூக்கும் தொண்டையும்தான் சொல்ல முடியும். சுருட்டும் தாளும் ஏமாற்றக்கூடியது: பல தாள்களில் கால்சியம் கார்பனேட்டும் எரிதலைச் சீராக்கும் உப்புகளும் சேர்க்கப்படுவதால், ஒப்பிட வேண்டுமென்றால் கண்ணாடிக் குழலே ஏற்றது. வெண்சாம்பல் தரும் புகையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இருக்கவே செய்கின்றன என்பதால், அந்நிறத்தை உடல்நலச் சான்றிதழாகக் காட்டி விற்பவர்களை நான் நம்புவதில்லை.

ஃப்ளஷிங்கை முற்றாகக் கைவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தென்னை நார்க்கழிவில் வளர்த்து, வடிநீரின் உப்பளவு ஏறிக்கொண்டே போகும்போது, வேரைக் காப்பதற்காக நடுவிலும் அலசுகிறேன். கடைசி வாரத்தில் வெறும் நீர் விடுவதால் உரச்செலவும் சற்றுக் குறைகிறது. மட்கிய உரம் கலந்த மண்ணில் அதற்கும் தேவை எழவில்லை. அளவுக்கு மீறி உலர்ந்துபோன ஜாடியில் ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சிறு உறை ஒன்றைப் போட்டு வைத்தால், எரியும் வேகம் சில நாட்களில் தணிகிறது. ஆனால் உலர்ந்தபோது ஆவியாகிப் போன மணம் திரும்புவதில்லை.