அக்கவுண்ட்ஸ் ஆள் தேட எது நல்லது: போனா, வீடியோவா, ரெக்கார்டிங்கா?

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் போட்டால் எண்பது ரெஸ்யூம் வந்து விழும். அத்தனை பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட முடியாது. முதல் வடிகட்டலுக்கு மூன்று வழி: போன், வீடியோ கால், கேள்வியை அனுப்பிப் பதிலை ரெக்கார்ட் செய்து அனுப்பச் சொல்வது. நான் போன் கட்சி.

பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் எத்தனை நாள், அம்பத்தூருக்குத் தினமும் வர முடியுமா. தாம்பரத்துக்காரர் அந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் இழுத்தாலே எனக்குப் பதில் கிடைத்துவிடும். ரெஸ்யூமில் யாரும் இழுப்பதில்லை.

வேலை தெரியுமா என்று பார்க்கவும் போன் போதும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னை மாதாமாதம் போடுபவர்களுக்குக் கெடு 20ஆம் தேதி. இதைக் கேட்டுப் பயனில்லை, கீபோர்டு தட்டும் சத்தம்தான் கேட்கும். "சப்ளையர் பில் நம்ம கையில இருக்கு, 2பியில வரலை. என்ன பண்ணுவீங்க?" என்பேன். (சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் பட்டியல்தான் 2பி. அதில் வந்தால்தான் அந்த பில்லில் கட்டிய வரிக்குக் கிரெடிட் எடுக்கலாம்.) கை பழகியவர், "அவங்க ஜிஎஸ்டிஆர்-1 போட்டாச்சான்னு போன் பண்ணிக் கேப்பேன் சார். போடலைன்னா இந்த மாசம் கிரெடிட் எடுக்க மாட்டேன்" என்பார். சர்டிபிகேட் மட்டும் வைத்திருப்பவர் 2பி என்றால் என்ன என்று விளக்க ஆரம்பிப்பார்.

போனில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, ஆள்மாறாட்டம். போனில் 2பியைப் பிரித்து மேய்ந்த ஒருவர், நேரில் டேலி சாஃப்ட்வேரில் ஒரு ஜர்னல் என்ட்ரி போடத் திணறினார். குரல்கூட வேறாக இருந்தது! அதனால் இரண்டாம் சுற்றுக்கு வீடியோதான், கேமரா போட்டே ஆக வேண்டும். முதல் சுற்றுக்கு அது சரிப்படாது. இன்னொரு இடத்தில் வேலையில் இருப்பவர் கேமராவை எங்கே வைத்துப் பேசுவார்? போன் என்றால், "ஒரு நிமிஷம் சார், மேனேஜர் பக்கத்துல இருக்கார்" என்று படிக்கட்டுக்குப் போய்விடுவார்.

ரெக்கார்டிங், ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கானது. இதில் பேர்பெற்ற அமெரிக்காவின் ஹயர்வியூ கம்பெனி, பதில் சொல்பவரின் முகபாவத்தை மென்பொருளால் எடைபோட்டுக்கூடப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியபின் அதை நிறுத்திவிட்டதாக 2021இல் அறிவித்தது. எனக்கு ரெக்கார்டிங்கில் பிடிக்காதது வேறு: அந்தப் பக்கம் இருப்பவர் திருப்பிக் கேட்க முடியாது. போனில், "சனிக்கிழமை லீவா சார்?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் சிலர் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். அவர்களுக்கும் அரை நாள் மிச்சம், எனக்கும்.